அத்தான் கடைக் குளிர்பெட்டி: ஆறு வாரக் கணக்கு

"தம்பி, கரண்ட் பில் இப்படி வந்தால் தோசை விலையை இன்னும் கூட்டத்தான் வேண்டும். இரவில் பிரிட்ஜை நிற்பாட்டி வைத்தால் என்ன?" அத்தான் இப்படிக் கேட்ட அன்றே பிரிட்ஜின் கரண்ட் செலவைக் குறைக்கும் வேலையைக் கையில் எடுத்தேன். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமாக அவருடைய சைவக் கடை இருக்கிறது. சமையலறையில் நிற்பது நான்கு கதவு எவர்சில்வர் குளிர்பெட்டி, பழையதாக வாங்கியது.

இரவில் நிற்பாட்டவே கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். தேங்காய்ப்பால் விட்ட சொதியும் பால்கறியும் 5 பாகை செல்சியசுக்கு மேல் மணிக்கணக்கில் இருந்தால் கிருமி பெருகும். அதோடு, இரவில் மிச்சம் பிடித்ததில் பெரும் பகுதியைக் காலையில் கொம்பிரசர் (குளிர்வாயுவை அழுத்தி ஓட்டும் மோட்டர்) இடைவிடாமல் ஓடித் திருப்பி எடுத்துக்கொள்ளும்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பிளக்கில் செருகும் வாட் மீற்றர் ஒன்று வாங்கினேன். வாரத்துக்கு ஒரு மாற்றம் மட்டும், ஞாயிறு முதல் ஞாயிறு வரை கணக்கு. வெள்ளிக்கிழமையும் போயா (பௌர்ணமி) நாளும் கடை நிரம்பி வழியும், கதவு நூறு தடவை திறபடும். அதனால் ஒரு நாள் அளவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

முதல் வாரம் எதையும் தொடவில்லை. நாளுக்குச் சராசரி 14.1 அலகு (கிலோவாட் மணி) கரண்ட். தண்ணீர்ப் போத்தல் ஒன்றுக்குள் வெப்பமானியை விட்டு உள்ளே வைத்தேன். காற்றின் வெப்பநிலை கதவு திறக்கும்போதெல்லாம் குதிக்கும், சாப்பாட்டின் நிலையைக் காட்டுவது போத்தல்தான். அது 1 பாகை காட்டியது. இவ்வளவு குளிர் தேவையில்லை. இரண்டாம் வாரம் 3 பாகைக்கு ஏற்றினேன், 13.4 அலகு.

மூன்றாம் வாரம் கொண்டென்சர். கீழே இருக்கும் தகட்டைக் கழற்றியதும் மனம் கனத்துவிட்டது. எண்ணெய்ப் புகை, அரிசி மா, தூசி எல்லாம் சேர்ந்து அலுமினியச் செதில்களின் மேல் சாம்பல் நிறக் கம்பளம் விரித்திருந்தது. குளிர்பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தைத் தூக்கி வெளியே கொண்டுபோய்ப் போடுகிறது. போடும் இடம் கொண்டென்சர். அது மூடிக் கிடந்தால் உள்ளே ஓடும் வாயு இன்னும் சூடாகி, அழுத்தம் கூடி, அதே வேலைக்குக் கொம்பிரசர் கூடுதல் கரண்ட் இழுக்கும். அந்தச் சூடு ஒரு பாகை கூடினால் ஏறக்குறைய 2 முதல் 3 சதவீதம் செலவு கூடும் என்பது இத்துறையில் சொல்லும் கணக்கு. நம் சமையலறையோ மதியத்தில் 36 பாகை.

பிளக்கைக் கழற்றிவிட்டு, மென்மையான தூரிகையால் செதில்கள் நிற்கும் திசையிலேயே மேலிருந்து கீழாகத் தட்டி, வாக்குவம் பிடித்து, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீரால் துடைத்தேன். கம்பித் தூரிகை வேண்டவே வேண்டாம். கடல் உப்புக் காற்றில் அந்தச் செதில்கள் ஏற்கெனவே அரித்துப்போய் மெலிந்திருந்தன, கை பட்டாலே மடிந்தன. இரண்டு மணி நேர வேலை, செலவு இல்லை. 11.6 அலகு! மீற்றரை அத்தானிடம் காட்டியபோது அவர் ஒன்றும் பேசவில்லை, எனக்கு ஒரு பிளேன்டீ போட்டுத் தந்தார்.

நான்காம் வாரம் கதவு ரப்பர். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். இரண்டு கதவுகளில் அது தடையே இல்லாமல் வழுக்கி வந்தது. கொழும்பின் ஈரக் காற்று அந்த இடுக்கால் புகுந்தால் வெப்பம் மட்டுமல்ல, நீராவியும் வரும். அது உள்ளிருக்கும் குளிர்ச் சுருளில் உறைபனியாகப் படியும், பிறகு அதை உருக்கவும் கரண்ட் வேண்டும். 2022 மார்ச்சில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தபோது இந்த ரப்பர்களைக் கவனித்திருந்தால் எத்தனையோ சட்டி கறியைக் காப்பாற்றியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். புது ரப்பர் மடித்த மடிப்போடு வந்தது, மூலையில் ஒட்டவில்லை. வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்த பிறகுதான் நேரானது. 10.7 அலகு.

நான் எதிர்பார்க்காதது ஐந்தாம் வாரத்தில். கொம்பிரசர் ஓயும் நேரத்திலும் மீற்றர் ஏறக்குறைய 90 வாட் காட்டிக்கொண்டிருந்தது. தேடிப் பார்த்தால், உள்ளே காற்றைச் சுற்றும் இரண்டு விசிறிகளும் பழைய வகை மோட்டர், ஒவ்வொன்றும் 38 வாட். 24 மணி நேரமும் ஓடுகின்றன. அந்த 76 வாட்டும் கடைசியில் வெப்பமாகப் பெட்டிக்குள்ளேயே விழுகிறது, அதை வெளியேற்றக் கொம்பிரசருக்கு மறுபடி கரண்ட். ஆக ஒரே வாட்டுக்கு இரண்டு தரம் காசு கட்டுகிறோம். 11 வாட் எலெக்ட்ரானிக் மோட்டர்கள் இரண்டை வாங்கி, அதே அளவு இறக்கை, அதே சுழலும் திசை என்று பார்த்து மாட்டினேன். நேரடி மிச்சம் 54 வாட், நாளுக்கு 1.3 அலகு. மீற்றரில் குறைந்ததோ 1.7. கூடுதலான 0.4 கொம்பிரசர் பக்கத்து மிச்சம் என்பதே என் கணிப்பு. 9.0 அலகு.

ஆறாம் வாரம் பொருள் எதையும் மாற்றவில்லை, பழக்கத்தை மாற்றினோம். இரவு பத்தரைக்கு மிஞ்சிய சொதியைக் கொதிக்கக் கொதிக்க, மூடாமல் உள்ளே வைப்பது வழக்கம். ஹட்டன் பக்கத்துச் சமையல் அண்ணாவிடம் பேசினேன். "தம்பி, ஆறும் வரைக்கும் நிக்க ஏலுமா? கடைசி பஸ் போயிரும்" என்றார். அவர் சொல்வது முழு நியாயம். சரி, அவர் அடுப்படி கழுவும் அரை மணி நேரத்துக்குள் முடிகிற மாதிரி யோசித்தோம். சொதியைத் தட்டையான தட்டுகளில் ஊற்றி, தண்ணீர் நிரப்பிய தொட்டியில் வைத்துக் கிளறிவிடுவது. 12 லீற்றர் 80 பாகையிலிருந்து 40 பாகைக்கு இறங்கினால் சுமார் 0.56 அலகு வெப்பம் தண்ணீரோடு போகிறது. பிறகு மூடி உள்ளே. 8.7 அலகு.

நாளுக்கு 5.4 அலகு குறைந்திருக்கிறது, மாதத்துக்கு ஏறக்குறைய 160. குளிர்வாயுப் பக்கம் நான் கை வைக்கவில்லை, அது பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் வேலை. இடது கீழ்க் கதவின் பிணைச்சல் இன்னும் தொய்ந்துதான் இருக்கிறது, தாள் ஒரு மூலையில் வழுக்குகிறது. அத்தான் கலண்டரில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, "கொண்டென்சர்" என்று எழுதி வைத்திருக்கிறார்.