சட்டையை உள்பக்கம் புரட்டிப் பார்ப்பவர்கள்

2025 மார்ச் கடைசியில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரத்துக்குள் பதினாறு தொழிற்சாலைகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் போட்டது இரண்டே இரண்டு. கண்டியில் ஆடை வடிவமைப்பு டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன், என்.வி.கியூ (தேசியத் தொழில் தகைமை) ஐந்தாம் மட்டம். கடைசி ஆறு மாதம் தொழிற்சாலைப் பயிற்சி, எங்கள் வாயில் ஓ.ஜே.டி. "இடத்தை நீங்களே தேடுங்கள், கிடைக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். அந்தப் "பார்த்துக்கொள்ளலாம்" என்பதற்கு என்ன அர்த்தம் என்று முன்னால் படித்த அக்காமாரிடம் கேட்டேன். சிரித்தார்கள்.

பதில் வராததற்கு என் சீவிதான் (சுயவிவரம்) காரணம் என்று ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் விளங்கியது. ஏப்ரல் 2ஆம் திகதி அமெரிக்கா இலங்கைச் சாமான்களுக்கு 44 வீத வரி என்று அறிவித்திருந்தது. நம் ஆடைகளை வாங்கும் நாடுகளில் பெரியது அதுதான். ஓடர் வருமா வராதா என்று கம்பெனிகள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற நேரத்தில் பயிற்சிப் பிள்ளையின் கடிதத்தை யார் திறப்பது? பின்னால் சித்திரைப் புத்தாண்டு லீவு வேறு. வரியைத் தள்ளிவைத்து, பிறகு 30 என்று சொல்லி, ஓகஸ்ட்டில் 20க்கு இறக்கினார்கள். அதற்குள் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் இந்தத் துறைக்குப் போகிற பிள்ளைகள் செய்தி பார்க்கவேண்டும் என்பது அந்த மாதத்தில்தான் மண்டையில் ஏறியது. 2010இல் ஐரோப்பாவின் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச் சலுகை போனதும் 2017இல் திரும்பி வந்ததும் எனக்குப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த விஷயம், அவ்வளவுதான்.

நான் நோர்வூட் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அம்மா கொழுந்து எடுக்கிறார், அப்பா தேயிலை ஸ்டோரில் வேலை. சீவி எழுத உட்கார்ந்தபோது முதல் சிக்கலே முகவரிதான். லயத்துக் காம்பராவுக்கு, அதாவது வரிசையாகக் கட்டிய தோட்ட வீட்டு அறைக்கு, இலக்கம் கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன் பெயர், ஹட்டன் என்று எழுதினால் கடிதம் தோட்ட ஒபிசுக்கு வந்து யாராவது கொண்டுவந்து தரும்போது நேர்முகத் தேர்வு முடிந்திருக்கும். அதனால் மின்னஞ்சலையும் இரண்டு தொலைபேசி இலக்கங்களையும் மேலே பெரிதாகப் போட்டேன். அடுத்த சிக்கல் பெயர். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஓ.எல். சான்றிதழ் மூன்றிலும் என் பெயரின் ஆங்கில எழுத்து மூன்று விதம். ஹட்டனில் ஒரு சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக் கடதாசி முடித்தேன். கிராம சேவகர் சான்றிதழ், பொலிஸ் நற்சான்று எல்லாமே நாள் பிடிக்கும், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். இதைப் பற்றி இவ்வளவு போதும்.

போட்போலியோவுக்கு, அதாவது என் டிசைன்களின் தொகுப்புக்கு, வருவோம். முதலில் செய்தது இருபத்திரண்டு பக்கம். பூராவும் கவுன்கள். பறக்கிற துணி, கழுத்து நீண்ட பெண்கள், பின்னால் மூடுபனி. ஃபைல் 48 எம்.பி. இருந்தது. லயத்தில் சிக்னல் இல்லாமல் கோயில் மேட்டில் ஏறி நின்று அனுப்பியும் போகவில்லை. மேர்ச்சன்டைசிங் (வாங்குபவருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் ஓடர் பார்க்கிற) வேலை செய்கிற ஊர் அக்கா ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் பக்கம் பக்கமாக அனுப்பினேன். அவர் சொன்னது: "அழகா இருக்கு தங்கச்சி. ஆனா இத எவன் தைப்பான்?"

கோபம் வந்தது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நானே எடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டேன். மூன்றே மூன்று உடுப்பு வை, ஒவ்வொன்றுக்கும் முழு டெக் பேக் போடு என்றார். அதாவது உடுப்பின் தட்டையான வரைபடம் முன்னும் பின்னும், எங்கிருந்து எங்கே அளப்பது என்ற புள்ளிகள், அளவு அட்டவணை, எவ்வளவு கூடிக்குறையலாம் என்ற டொலரன்ஸ், துணியிலிருந்து பட்டன் நூல் வரை சாமான் பட்டியல், எந்தத் தையல், அங்குலத்துக்கு எத்தனை தையல், லேபல் எங்கே வரும். வரைகிற மென்பொருள் இல்லஸ்ட்ரேட்டர் வாங்கக் காசில்லை. இன்க்ஸ்கேப் இலவசம், அதில் வரைந்தேன். பார்ப்பவருக்கு எதில் வரைந்தது என்று தெரியப்போவதில்லை, கோடு சுத்தமாக இருந்தால் போதும். ஃபைலும் 4 எம்.பி.க்கு இறங்கியது.

மூன்று உடுப்பில் இரண்டு சாதாரணம்: ஒரு பள்ளிக்கூடக் கவுன், ஒரு ஆம்பிளை டீசேர்ட். மூன்றாவது அம்மாவின் படங்கு.

தெரியாதவர்களுக்காக: கொழுந்து எடுக்கும்போது தேயிலைக் கிளை தொடையில் குத்தாமலும் பனித்தண்ணி ஏறாமலும் இடுப்பில் கட்டிக்கொள்கிற சாக்கு அல்லது தடித்த பொலித்தீன்தான் படங்கு. அதையே ஒழுங்கான ஒரு வேலையுடுப்பாகத் தைத்துக் காட்டலாம் என்று நினைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஒரே நாளில் அம்மா அதை இறக்கிவைத்தார்.

முதல் சேம்பிள் காக்கி ட்ரில் துணியில். துணியின் ஜி.எஸ்.எம். தெரியவேண்டும், அதாவது ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்று. கல்லூரியில் அதற்கென்று வட்டமாக வெட்டுகிற கருவி இருக்கிறது, தோட்டத்தில் எங்கே போவது? பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு ஹட்டன் டவுனில் ஒரு அடகுக்கடைக்குப் போனேன். அம்மாவின் தோடு இரண்டு தடவை போய் வந்த அதே தராசு. முதலாளி துணியை மேலும் கீழும் பார்த்தார். "இதையுமா வைக்கப் போற?" என்றார். 2.6 கிராம். நூறால் பெருக்கினால் 260 ஜி.எஸ்.எம். டெக் பேக்கில் எழுதிவிட்டேன்.

அந்தச் சேம்பிளை அம்மா காலை மலைக்குக் கட்டிக்கொண்டு போனார். பகல் சாப்பாட்டுக்கு வந்தபோது அவிழ்த்து ஸ்தோப்பில் (முன் திண்ணையில்) போட்டார். "கனக்குது புள்ள. நனைஞ்சா யாரு தூக்குறது?" காய்ந்திருக்கும்போது 410 கிராம், நனைந்து வந்தபோது ஒரு கிலோவுக்கு மேல். உரப்பை பொலித்தீன் நனைந்தாலும் கனக்காது, உதறினால் போயிற்று. எங்கள் மலையில் ஜூனில் எத்தனை நாள் மழை என்று எனக்குத் தெரியாதா என்ன? மேசையில் உட்கார்ந்து வரையும்போது மறந்துவிட்டது.

இரண்டாவது, தண்ணீர் ஏறாத நைலோன். அது மூன்றாம் நாள் கிழிந்தது. கிளை குத்தி இல்லை, என் தையல் கோட்டிலேயே முத்திரை கிழிப்பதுபோல நேராகக் கிழிந்தது. பலமாக இருக்கட்டும் என்று அங்குலத்துக்குப் பதினான்கு தையல் போட்டிருந்தேன். அந்த மாதிரித் துணியில் ஊசி போட்ட ஓட்டை ஓட்டையாகவே நிற்கும், நெருக்கினால் துணி தன்பாட்டில் பிரியும். எட்டாகக் குறைத்தேன். மூன்றாவதில் மேல் பாதி பருத்தி, கிளை படுகிற கீழ்ப் பாதி மட்டும் நைலோன். நாடாவுக்குப் பதில் இரட்டை வளையம், ஏனென்றால் ஈரக் கையில் முடிச்சு அவிழாது, இதுவும் அம்மா சொன்னதுதான். மூன்று சேம்பிளையும், கிழிந்ததையும் சேர்த்து, போட்போலியோவில் போட்டேன். கிழிந்ததைக் காட்டலாமா என்று ஊர் அக்காவிடம் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

பதில் போட்ட இரண்டு இடங்களில் முதலாவது கொழும்புப் பக்கம். விடியற்காலை பஸ் ஏறி, ஃபைலைப் பொலித்தீனில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன். கேட்டில் செக்யூரிட்டி அடையாள அட்டையை வாங்கினார், முகவரியைப் பார்த்தார், கையை நீட்டி ஒரு வரிசையைக் காட்டினார். போய் நின்றேன். முன்னாலும் பின்னாலும் என் வயதுப் பிள்ளைகள், பாதிப் பேர் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளே. அரை மணித்தியாலம் கழித்துத்தான் அது மெசின் ஒபரேட்டர் எடுக்கிற வரிசை என்று தெரிந்தது. அதற்குள் என் முறை வந்துவிட்டது. கையில் ஒரு தாள் தந்தார்கள். நேர்கோடு, சதுரத்துக்குள் சதுரம், சுருள். நூல் கோர்க்காத மெசினில் அந்தக் கோடுகளின் மேல் ஊசியை ஓட்டவேண்டும். நான் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் உட்கார்ந்து ஓட்டினேன். நேர்கோடு சரி, சதுர மூலையில் ஊசியைத் துணிக்குள் நிறுத்தித் திருப்புவதுபோலத் தாளுக்குள் நிறுத்தித் திருப்பினேன், அதுவும் சரி. சுருளில் இரண்டு இடம் கோட்டை விட்டு வெளியே. வாங்கிப் பார்த்தவர் "கிழமை நாளில் வேலைக்கு வரலாம்" என்றார். அப்போதுதான் வாயைத் திறந்து நான் டிசைன் பயிற்சிக்கு வந்தேன் என்றேன். மேலே கூட்டிக்கொண்டு போனார்கள், பத்து நிமிடம் பேசினார்கள், பிறகு சொல்வோம் என்றார்கள். இன்றுவரை சொல்லவில்லை.

ஒபரேட்டர் வேலை தாழ்வு என்று நான் சொல்லவரவில்லை, என் சித்தி கட்டுநாயக்கவில் பதினொரு வருடம் தைத்தவர். முகவரியைப் பார்த்ததும் கை தானாக அந்தப் பக்கம் நீண்டதே, அதுதான் பஸ்ஸில் வரும்போது கினிகத்தேனை ஏற்றம் வரைக்கும் தொண்டையில் நின்றது. அதற்குப் பிறகு எங்கே போனாலும் கேட்டிலேயே, யாரைப் பார்க்க வந்தேன், எத்தனை மணிக்கு என்று மின்னஞ்சலை அச்செடுத்துக் காட்டினேன். அது வேலை செய்தது.

இரண்டாவது இடம் அவிசாவளைப் பக்கம். எங்களுக்கு அது வசதி, ஹட்டன் – கொழும்பு பஸ் அந்த வழியால்தான் போகும். இந்த முறை சிங்களத்துக்கும் தயாராகிப் போனேன். படிப்பு ஆங்கிலம் என்றாலும் தளத்தில் பேச்சு சிங்களம்தான். துணி ரெத்த, ஊசி இந்திகட்டுவ. நூலும் கத்தரியும் நமக்குக் கஷ்டமே இல்லை: நூல, கத்துர. ஐம்பது சொல்லைக் கொப்பியில் எழுதி, கண்டி போடிங்கில் (வாடகைக்குத் தங்கும் இடத்தில்) கூட இருந்த சிங்களப் பிள்ளையிடம் ஒப்பித்தேன்.

உள்ளே மூன்று பேர். இரண்டு பேர் பக்கத்தைப் புரட்டினார்கள். மூன்றாமவர், பட்டர்ன் ரூம் (துணி வெட்டும் அச்சு வரைகிற அறை) பொறுப்பாளர் போல, போட்போலியோவைத் தொடவே இல்லை. நான் கொண்டுபோயிருந்த படங்கை எடுத்தார், முன்பக்கத்தைப் பார்க்காமலே உள்பக்கம் புரட்டினார், ஓரத் தையலை இரண்டு பெருவிரலாலும் இழுத்துப் பார்த்தார். பிறகு கிழிந்த சேம்பிளின் படத்தைக் காட்டி "ஏன்?" என்றார். பதினான்கு, எட்டு என்று சொன்னேன். தலையாட்டினார். அம்மா, மழை, மலை என்று நான் தயார்பண்ணி வைத்திருந்த கதையை யாரும் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு டீசேர்ட்டைத் தூக்கிப்போட்டு, எந்த ஒழுங்கில் தைப்பாய், எந்த மெசினில், எழுது என்றார்கள். தோள் மூட்டு நான்கு நூல் ஓவர்லொக் (விளிம்பைச் சேர்த்துச் சுற்றித் தைக்கிற மெசின்), கழுத்து ரிப் (இழுபடும் பின்னல் பட்டி), கை பொருத்தல், பக்கத் தையல், கீழ் மடிப்பு ஃபிளாட்லொக் (இழுபடுகிற தட்டைத் தையல்). கீழ் மடிப்புக்கு ஏன் சாதாரண நேர்த் தையல், அதாவது 301 லொக் ஸ்டிச், போடக்கூடாது என்று கேட்டார்கள். இழுபடும் துணி, இழுத்தால் நூல் அறும் என்றேன். சரி. "வேற எதுவும் விட்டுட்டியா?" என்றார் பட்டர்ன்காரர். இல்லை என்றேன். அவர் டீசேர்ட்டை உள்ளே புரட்டி இடுப்புப் பக்கத்தைக் காட்டினார். கழுவும் முறை எழுதிய லேபல். பக்கத் தையல் மூடும்போதே வைக்கவேண்டியது. மூடிவிட்டால் பிரிக்கத்தான் வேண்டும். காது சூடாகிவிட்டது. டெக் பேக்கில் என் கையாலேயே எழுதியிருந்தேன், தைக்கும் ஒழுங்கில் மறந்துவிட்டது.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. ஆறு மாதம், சிறு கொடுப்பனவு, பகல் சாப்பாடு, போடிங் நாங்களே பார்க்கவேண்டும். அப்பா கேட்ட முதல் கேள்வி "ஈ.பி.எஃப். புடிப்பாங்களா?" சம்பளத்தில் பிடிக்கிற சேமலாப நிதி அது, தோட்டத்தில் வேலை என்றால் அதுதான் அடையாளம். பயிற்சிக் காலத்தில் இல்லையப்பா என்றேன். "அப்ப அது வேலை இல்ல" என்றார், ஆனால் போடிங்கைப் பார்க்க அவர்தான் கூட வந்தார். ஓவர்டைம் இருக்குமா, இருட்டினால் பஸ் எது, போடிங் அக்கா கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவார் என்று எல்லாம் அவரே விசாரித்தார். கையெழுத்துப் போடும் முன்னால் நான் கேட்டிருக்கவேண்டிய கேள்விகள் அவை.

முதல் நாள் டேப்பும் ஒரு அளவுத் தாளும் தந்து, சேம்பிள் ரூம் மேசையில் உட்காரவைத்தார்கள். நாற்பது டீசேர்ட். ஒவ்வொன்றையும் தட்டையாக விரித்து, இழுக்காமல், கையால் தடவி, நெஞ்சளவு, நீளம், தோள், கைநீளம். பக்கத்து மேசை அக்கா என் டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நங்கி, நுனி தேஞ்சிருக்கு" என்று சிங்களத்தில் சொல்லி வேறு டேப் தந்தார். முதல் எட்டையும் திரும்ப அளந்தேன்.

இரவு அம்மா எடுத்தார்.

"என்னா தைச்ச?"

"இன்னும் தைக்கலம்மா. அளந்துக்கிட்டிருக்கேன்."

"எத?"

"மத்தவங்க தைச்சத."

"அதுக்கா இவ்வளவு படிச்ச?" என்றார். பிறகு மழை பிடித்துவிட்டது என்றும், நான் தைத்த படங்கைக் கட்டாமல் பழைய பொலித்தீனையே கட்டிக்கொண்டு போனதாகவும் சொன்னார்.