துணி முறுக்கினால் யார் பொறுப்பு?

திருப்பூரில் ஒரு டி-சர்ட் முழுக்க ஒரே கூரைக்கடியில் உருவாவது குறைவு. நூலை வாங்கி, அதைத் துணியாகப் பின்னும் நிட்டிங்குக்கு ஒருவரிடம், சாயத்துக்கு இன்னொருவரிடம், துவைத்தால் சுருங்காதபடி துணியை அழுத்திப் பதப்படுத்தும் காம்பாக்டிங்குக்கு வேறொருவரிடம் என்று டெம்போவில் ஊர் சுற்றிய பிறகுதான் துணி கட்டிங் மேஜைக்கு வரும். எல்லாம் ஜாப் ஒர்க், அதாவது கூலிக்குச் செய்துதரும் வேலை. பையரின் ஆர்டரை ஆரம்பம் முதல் கடைசி வரை கவனிக்கும் மெர்ச்சண்டைசராக நான் முதலில் வேலை பார்த்தது இப்படி நடந்த ஒரு சிறிய ஏற்றுமதிக் கம்பெனியில். அடுத்து சேர்ந்தது, நூற்பாலை முதல் பேக்கிங் வரை எல்லாவற்றையும் சொந்தமாக வைத்திருந்த பெரிய நிறுவனத்தில். இரண்டையும் உள்ளிருந்து பார்த்ததில் ஒன்று உறுதிப்பட்டது. ஒரு தொழில் எந்த மாதிரிப் புதுமையைச் செய்யும் என்பதில், ஆட்களின் திறமையைவிட, வேலையை யார் யாருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறோம் என்பதற்கே பங்கு அதிகம்.

சிறிய கம்பெனியில் வேகம் அபாரம். பையர் அனுப்பிய துண்டுத் துணியை நிட்டிங்காரரிடம் காட்டுவேன். அவர் அதை லென்ஸ் வைத்துப் பார்த்து, கண்ணிகளை எண்ணி, மெஷினை நிறுத்தி, ஊசிகளின் அசைவைத் தீர்மானிக்கும் கேம்களில் நாலைந்தைக் கழற்றி, கண்ணியின் அமைப்பை மாற்றும் டக் கேம் மாட்டுவார். கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது அச்சா அதே மாதிரி வராதுங்க தம்பி, ஆனா இதைவிட நல்லா ஒண்ணு வரும், பாருங்க" என்பார். வரவும் செய்யும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மெஷினும் அவருடையது, நேரமும் அவருடையது. அந்தத் துணி பிடித்துப்போனால் அடுத்த மாதமே பக்கத்து வீதியிலும் ஓடும். நேற்று கட்டிங் மாஸ்டராக இருந்தவர் இன்று நாலு மெஷின் போட்டு யூனிட் ஆரம்பிக்கும் ஊர் இது. எந்த வித்தையும் ஓரிடத்தில் தங்காது. உள்ளாடை பனியன் ஊராக இருந்தது 1980-களில் ஏற்றுமதி ஊராக மாறியதற்கு இந்த ஓட்டம் முக்கியக் காரணம் என்று நம்புகிறேன்.

ஆனால் ஸ்பைராலிட்டி என்று ஒன்று உண்டு. சிங்கிள் ஜெர்சி என்ற சாதாரண மெல்லிய பின்னல் துணியில் தைத்த டி-சர்ட்டைத் துவைத்துக் காயவைத்தால் பக்கவாட்டுத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்து நிற்கும். நூலில் முறுக்கு அதிகமானால் வரும். நிட்டிங் மெஷினில் நூலை ஊட்டும் ஃபீடர் அதிகமானாலும், லூப் நீளம், அதாவது ஒரு கண்ணிக்குப் போகும் நூலின் அளவு, தவறினாலும் வரும். சாயத்துக்குப் பிறகு துணியைச் சரியாக நிலைப்படுத்தாவிட்டாலும் வரும். புகாரை எடுத்துக்கொண்டு போனால் நிட்டிங்காரர் நூலைக் காட்டுவார், டையிங்காரர் நிட்டிங்கைக் காட்டுவார், காம்பாக்டிங்காரர் "வந்த துணி அப்படிங்க" என்பார். ஒருவரும் பொய் சொல்லவில்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர், தன் படியைத் தாண்டிய பிரச்சினைக்கு ஏன் பணம் செலவழிக்க வேண்டும்?

பெரிய நிறுவனத்தில் இதே பிரச்சினைக்கு நூற்பாலை ஆளையும் டையிங் ஆளையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தார்கள். நூல் முறுக்கைக் குறைத்து, லூப் நீளத்தை மாற்றி, ஒவ்வொரு லாட்டையும், அதாவது ஒரே தடவையில் தயாரான துணித் தொகுதியையும், துவைத்து அளந்தார்கள். சில மாதங்களில் தையல் இருந்த இடத்திலேயே நின்றது. மெஷின் விலை கூடியதாலோ, ஆட்கள் அதிகம் படித்ததாலோ வந்த பலன் இல்லை இது. நஷ்டமும் லாபமும் ஒரே கணக்கில் விழுந்ததுதான் காரணம். அதே இடத்தில் ஒரு புதுத் துணிக்கு இரண்டு மீட்டர் சாம்பிள் ஓட்ட பிளானிங்கில் வாரக்கணக்கில் காத்திருந்தேன். மெஷின் நின்றால் உற்பத்தி அறிக்கையில் தெரியும். புதுத் துணி வராமல் போனது எந்த அறிக்கையிலும் தெரியாது.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை இந்த ஊர் மிகுந்த வலியோடுதான் கற்றது. நொய்யல் ஆறு நாசமாகி, ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்டவை நின்றன. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறையைச் சிறிய டையிங்காரர் தனியாகக் கொண்டுவர முடியாது. அவர்களே பங்குதாரர்களாக இருந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வழியாகத்தான் அது முடிந்தது. ஆர்.ஓ.வில் தண்ணீரை மீட்டார்கள். மிஞ்சிய உப்புநீரையும் சுத்தம் செய்து சாயத்தொட்டிக்கே திருப்பினார்கள். பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற எப்படியும் உப்பு வேண்டும் அல்லவா. ஆற்றுக்கு நேர்ந்ததை நினைத்தால் இதைச் சாதனை என்று மட்டும் சொல்ல மனம் வரவில்லை. இருந்தாலும், போட்டியாளர்கள் கூடி ஒரு தொழில்நுட்பத்தை உருவாக்க முடியும் என்பதை இங்கேதான் கண்டேன்.

இப்போது பாலியஸ்டர் பற்றிப் பேச்சு. பருத்திக்கு 60 டிகிரி போதும் என்றால் இதற்கு 130 டிகிரி அழுத்தத் தொட்டி வேண்டும், சாயமும் வேறு. லாட் வந்தால் மெஷின் வாங்குகிறேன் என்கிறார் டையிங்காரர். சாயம் போட ஆள் இருந்தால் ஆர்டர் எடுக்கிறேன் என்கிறார் ஏற்றுமதிக்காரர். பெரிய நிறுவனங்கள் தங்களுக்குள்ளேயே இதை முடித்துக்கொள்ளும். சிறியவர்கள் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பங்கு போட்டதுபோல, பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு சாம்பிள் டையிங் கூடத்துக்குப் பங்கு போட வேண்டும். இதைப் பேசத்தான் பழைய நிட்டிங்காரர்கள் சிலரை இந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டிருக்கிறேன்.