ஒண்ணுமே பார்க்கலையே, தம்பி

தெப்பக்காட்டில் காட்டுச் சவாரி வேன் வந்து நிற்கும். முதலில் இறங்குகிறவர் கடைசிப் படியில் கால் வைக்கும்போதே, வரிசையில் காத்திருக்கும் அடுத்த கூட்டத்தைப் பார்த்துச் சொல்வார்: "ஒண்ணுமே இல்லைங்க. வெறும் மான்தான்."

முதுமலைக் காட்டுக்குள் ஆட்களைக் கூட்டிப் போகும் வேலைக்கு நான் வந்தது 2009-இல். அன்றிலிருந்து இந்த வாக்கியத்தைக் கேட்டு வருகிறேன். போன ஒரு மணி நேரத்தில் அவர் பார்த்தது என்ன? நாற்பது, ஐம்பது புள்ளிமான். தேக்கு மரத்தில் தலைகீழாகத் தொங்கிக் காய் கொறித்த மலையணில். முழங்கால் வரை வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி நின்ற நாலு காட்டுமாடு. ஆனால் கணக்கில் இவை எதுவும் சேராது. புலி வரவில்லையா, மதிப்பெண் பூஜ்யம்.

எங்கள் ஊரில் இதே பேச்சு வேறு மாதிரி. மசினகுடிப் பக்கம் விடிவதற்குள் வேலைக்குக் கிளம்புகிறவர்கள், எதிரே வருகிறவரிடம் "வழியில ஏதாச்சும் நிக்குதா?" என்று கேட்டுவிட்டுத்தான் தாண்டுவார்கள். "ஒண்ணும் இல்லை, போங்க" என்று பதில் வந்தால் அன்றைக்கு நல்ல நாள்.

முதலில் நான் சேர்ந்தது ஒரு தங்கும் விடுதியில். பதவிக்குப் பெயர் நேச்சுரலிஸ்ட். அப்படியென்றால் என்னவென்று எனக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. பச்சைச் சட்டை ஒன்றும், ஒரு பக்கம் மங்கலாகத் தெரியும் பைனாகுலர் ஒன்றும் கொடுத்தார். பிளஸ் டூ முடித்த பையன், உள்ளூர்க்காரன், யானையைக் கண்டால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தெரிந்தவன். அதுவே போதும் என்று நினைத்துவிட்டார்.

நிஜமாக வேலை கற்றுக்கொடுத்தது வேறு ஒருவர். பெட்டக் குறும்பர் என்ற பழங்குடியைச் சேர்ந்தவர். வேட்டைத் தடுப்புக் காவலராகப் பல வருடம் காட்டுக்குள் நடந்தவர். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். முதல் வாரம் முழுக்க நான் ஜன்னல் வழியே கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். நாலாவது நாள், "என்னத்தத் தம்பி அப்படித் தேடுற? புலி உன்னைப் பாத்துட்டுப் போய் அரை மணி நேரம் ஆச்சு" என்றார்.

காட்டில் பெரும்பாலும் காதுதான் முதலில் பார்க்கிறது. புள்ளிமான் பயந்தால் 'கூவ்' என்று கூர்மையாக ஒரு சத்தம். அதை மட்டும் நம்பக் கூடாது. மான் கூட்டம் சும்மாவே மிரளும், செந்நாய்க்கும் கத்தும், சில நேரம் நம் வேனுக்கே கத்தும். மரத்தின் மேலே மந்தி இருமுவது போலத் தொண்டையைச் செருமினால் கொஞ்சம் கவனிக்கலாம். மந்தியும் மானும் கூட்டாளிகள். மேலே மந்தி தின்று சிந்துகிற இலையும் காயும் கீழே மானுக்கு. கீழே மானின் மூக்கு மந்திக்குக் காவல். இந்த இரண்டோடு மூன்றாவதாகக் கடமான் அடித்தொண்டையில் 'பாங்க்' என்று ஒரு முறை போட்டால், அண்ணன் கண்ணைத் திறப்பார். கடமான் லேசில் பொய் சொல்லாது. ஆட்காட்டிக் குருவியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பெயரிலேயே இருக்கிறது. ஆனால் அது ஆடு, மாடு, ஆள் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். அதன் சாட்சி கோர்ட்டில் நிற்காது என்பார் அண்ணன்.

ஒரு பிப்ரவரி காலை இன்னும் மனதில் இருக்கிறது. புல் காய்ந்து, மூங்கில் இலை உதிர்ந்து, பார்வை கொஞ்சம் தூரம் போகிற பருவம். ஒரு ஓடை வளைவில் மந்தி செருமியது. வண்டியை அணைக்கச் சொன்னார் அண்ணன். என்ஜின் சூடு ஆறும் டிக் டிக் சத்தம் மட்டும். மான்கள் பத்துப் பன்னிரண்டும் ஒரே திசையில் முகம் வைத்து நின்றன. ஒன்று முன்னங்காலைத் தூக்கித் தரையில் தட்டியது. அப்புறம் கடமான் கத்தியது, கிட்டத்தில். இருபது அடி தள்ளி ஓர் உண்ணிச்செடிப் புதர். அதற்குள்ளேதான் அது நிற்கிறது. மான்களின் பார்வை புதரின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு மெல்ல மெல்ல நகர்ந்தது. பதினோரு நிமிடம். நாங்கள் புலியைப் பார்க்கவில்லை. அது நடந்து போனதை மான்களின் கழுத்தில் பார்த்தோம். எனக்குக் கை சில்லிட்டுவிட்டது.

பின் சீட்டிலிருந்து ஒருவர், "வண்டி ரிப்பேரா?" என்று கேட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. முதுமலைப் புலிகள் காப்பகத்தின் மொத்தப் பரப்பு 688 சதுர கிலோமீட்டர், அதில் மையப் பகுதி மட்டும் 321. வேன் போகிற மண்பாதை அதில் ஒரு நூல் இழை. அந்த இழையின் மேல், அந்த ஒரு மணி நேரத்தில், உண்ணிச்செடி மறைக்காத இடமாகப் பார்த்துப் புலி வந்து நிற்க வேண்டும். அதுவும் உண்ணிச்செடி மறைக்காத இடம் கிடைப்பது வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறது. வெள்ளைக்காரன் தோட்டத்து அழகுக்காகக் கொண்டு வந்த செடி, காட்டையே மூடிவிட்டது. இந்தப் பக்கத்துப் பழங்குடி மக்கள் அதன் தண்டை வெட்டி, முழு அளவு யானை உருவங்கள் செய்து வெளிநாட்டுக் கண்காட்சிக்கு அனுப்புகிறார்கள். அந்த யானைகளைப் பார்த்தவர்கள் யாரும் ஒண்ணுமே இல்லை என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒரு தடவை நானே ஒரு புலி செய்தேன். சென்னையிலிருந்து வந்த பெரிய குடும்பம். மூன்றாவது சவாரி, மூன்றிலும் மான்தான். தாத்தா ஒருவர் கிட்டத்தட்ட அழுகிற நிலை. எனக்கும் சலித்துப்போயிருந்தது. தூரத்தில் புல்லுக்கு நடுவே செம்பழுப்பாக ஒரு பாறை. "அதோ, படுத்திருக்கு. அசையாதீங்க" என்றேன். வேனே மூச்சடைத்தது. செல்போன்கள் எழுந்தன. ஒரு சின்னப் பெண் வால் ஆடுகிறது என்றாள். அவள் அப்பா இரண்டு குட்டி இருப்பதாகவும் சொன்னார். இறங்கும்போது ஐந்நூறு ரூபாய் கையில் வைத்தார்கள்.

அண்ணன் அப்போது வாயே திறக்கவில்லை. மாலைச் சவாரியில் அதே இடம் வந்தது. வெளியே பார்த்துக்கொண்டே, "காலையில இருந்து ஒரே பக்கமா படுத்திருக்கே, திருப்பிப் போட்டுட்டு வரட்டுமா?" என்றார். அந்தப் பாறைக்குக் கல்புலி என்று பெயர் விழுந்தது. டிரைவர்கள் இன்றும் என்னைப் பார்த்தால் கல்புலி சௌக்கியமா என்று கேட்கிறார்கள். ஐந்நூறு ரூபாயில் பாதியை அண்ணனுக்குக் கொடுத்தேன். வாங்கவில்லை.

அது சிரிப்போடு போயிற்று. இன்னொன்று அப்படிப் போகவில்லை. ஒரு கோடையில் ஆறேழு பெட்டை யானைகள், நடுவில் ஒரு குட்டி, பாதைக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்தன. நியாயமான தூரத்தில்தான் நிறுத்தினோம். "இன்னும் கொஞ்சம் கிட்ட, தம்பி, குட்டி தெரியலை" என்றார் ஒருவர். டிரைவர் என்னைப் பார்த்தார். அண்ணன் அன்று வரவில்லை. நான் தலையாட்டினேன்.

மேய்கிற யானைக்குக் காது ஆடிக்கொண்டே இருக்கும். அது ஆடும்வரை நமக்கு நிம்மதி. நாங்கள் நகர்ந்ததும் பெரியவளின் காது நின்றது. வாயில் புல் பாதி உள்ளே, பாதி வெளியே தொங்க, மெல்வதும் நின்றது. இந்த இரண்டையும் நான் பார்த்தேன், பார்த்தும் ஒரு போட்டோவுக்கு நேரம் கொடுத்தேன். அடுத்த நொடி காதை விரித்துக்கொண்டு, மண்ணைக் கிளப்பிக்கொண்டு வந்தாள். டிரைவர் ரிவர்ஸ் எடுத்த வேகத்தில் பின் சக்கரம் பள்ளத்தில் இறங்கி உறுமியது. பத்தடியில் நின்றாள். பொய்த் தாக்குதல். தும்பிக்கையால் மண்ணை வாரி வீசிவிட்டுத் திரும்பிப் போனாள். வேனுக்குள் கைதட்டினார்கள். செம்ம எக்ஸ்பீரியன்ஸ் என்றார் அவர். டிரைவர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. நியாயம்தான். நான் தலையாட்டாமல் இருந்திருக்கலாம், அவ்வளவுதானே.

விடுதியை விட்டு நான் வந்தது இரவுச் சவாரியால். கூடலூர்–மைசூர் சாலையில் காட்டுக்குள் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை வண்டி போகத் தடை. இருட்டில் காட்டோரம் லைட் அடித்து மிருகம் காட்டுவது சட்டப்படிக் குற்றம். எங்கள் விடுதியில் அதற்கு 'டின்னருக்கு அப்புறம் ஒரு ரவுண்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு தடவை போனேன். முகத்தில் வெளிச்சம் பட்ட கடமான் ஓடாது. அப்படியே நிற்கும், கண் மட்டும் பச்சையாக எரியும். பகலில் காட்டுக்குள் இருக்கிற எந்த மரியாதையும் அதில் இல்லை. மூன்றாவது தடவை காய்ச்சல் என்றேன், நாலாவது தடவை கணக்கு முடித்துக்கொண்டேன்.

வேலையே இல்லாமல் போன காலமும் உண்டு. 2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவை இடைக்காலமாக நிறுத்தியது. அக்டோபரில் விதிமுறைகளோடு திறந்தது. அந்த மூன்று மாதம் கூடலூரில் ஹார்டுவேர் கடையில் ஆணி எடை போட்டேன். திறந்த பிறகு முதல் சவாரி போனால், எங்கள் சக்கரத் தடத்தில் முழங்கால் உயரம் புல். அதன் நடுவே, பாதையின் சரியான மையத்தில், புலி எச்சம். இடம் யாருடையது என்று எழுதிப் போட்ட மாதிரி. அண்ணன் குச்சியால் கிளறி மான் ரோமத்தைக் காட்டினார். வண்டியில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

மூக்கைப் பொத்துகிறவர்களிடம் எனக்கு வருத்தம் வருவது பாறு என்கிற பிணந்தின்னிக் கழுகு விஷயத்தில் மட்டும்தான். மாயாற்றுப் பள்ளத்தாக்கின் மேலே வெண்முதுகுப் பாறுகள் வட்டமிடும். தென்னிந்தியாவில் அவை இன்னும் கூடு கட்டுகிற மிகச் சில இடங்களில் இது ஒன்று. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் ஊசி, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, நாடு முழுக்கக் கிட்டத்தட்டத் துடைத்துவிட்டது. 2006-இல் கால்நடைக்கு அந்த மருந்து தடையானது. ஒரு நாள் தலைக்கு மேலே ஐந்து பாறு ஒன்றாகப் பார்த்துவிட்டு நான் வேனையே நிறுத்திக் கத்திவிட்டேன். "பிணந்தின்னியா? சீ, போங்க" என்றார் ஒரு அம்மா. இருபது வருடம் கழித்து அவர் பேரனுக்குப் படத்தில் காட்டுவாரோ என்னவோ.

2021-இல் டி23 வந்தது. நான்கு பேரின் சாவுக்குக் காரணம் என்று தேடிய புலி. மூன்று வாரம் காடும் எஸ்டேட்டுமாகத் தேடி, அக்டோபர் 15 அன்று மசினகுடி அருகே மயக்க ஊசி போட்டுப் பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள். அந்த மூன்று வாரமும் அம்மா எங்கள் வீட்டுப் பின்கதவைத் திறக்கவில்லை. மாட்டுக்குப் புல் அறுக்கவும் போகவில்லை. அதே மூன்று வாரம் எனக்குப் பழைய விருந்தாளிகளிடமிருந்து போன் வந்தபடி இருந்தது: "தம்பி, இப்ப வந்தா அந்தப் புலியைப் பார்க்க சான்ஸ் இருக்கா?" பக்கத்து அறையில் அம்மா. என்ன பதில் சொல்வது? சீசன் முடிஞ்சு போச்சு சார் என்றேன்.

போன வருடம்தான் அம்மாவை முதல் முறையாக வேனில் ஏற்றினேன். நாற்பது வருடமாக இந்தக் காட்டு ஓரத்தில் இருக்கிறவர். விறகு பொறுக்கியிருக்கிறார், யானைக்குப் பயந்து ஒரு ராத்திரி முழுக்க மாட்டுக் கொட்டகையில் நின்றிருக்கிறார். யானை என்று சொல்லவும் மாட்டார், சாமி என்பார். டிக்கெட் விலையைக் கேட்டதும், "மானைக் காட்டவா இவ்வளவு காசு வாங்குறீங்க?" என்றார். ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பாதி வழியில் என் முழங்கையைத் தொட்டார். "வாசம் வருது."

எனக்கு ஒன்றும் வரவில்லை. நூறடி போன பிறகு மூங்கிலுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு. தனியன், கொம்பு இரண்டும் முழுசாக. டிரைவர் தூரத்திலேயே நிறுத்தினார். வேன் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்தது. போட்டோ, வீடியோ, "ஷ்ஷ்". அம்மா மட்டும் இந்தப் பக்கம் திரும்பி, "ஏன் நிறுத்துறான்? போகச் சொல்லு" என்று என் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார். அது காதாட்டிக்கொண்டு, மூங்கிலை ஒடித்துத் தின்றுகொண்டு, எங்களைக் கண்டுகொள்ளாமல் நின்றது. அம்மாவின் இரண்டு கையும் பையின் மேல் கும்பிட்டபடி இருந்தன.

தெப்பக்காட்டில் கதவு திறந்ததும் முதலில் இறங்கியது அம்மா. வரிசையில் நின்ற ஒரு கல்லூரிப் பையன், "என்ன பாட்டி பார்த்தீங்க?" என்றான்.

அம்மா படியிலேயே நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணும் இல்லைப்பா. பயப்படாமப் போயிட்டு வாங்க."