எந்தக் கல்லின் மேல் போகிறோம்: குரூகர் பக்கத்து வாழ்க்கை

ஏற்காட்டுக்கு லீவில் வரும்போதெல்லாம் எல்லாரும் முதலில் கேட்பது சிங்கத்தைப் பற்றித்தான். வீட்டு வாசலுக்கு வருமா, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு எப்படி அனுப்புகிறாய், ராத்திரி சத்தம் கேட்குமா என்று. வராது, கேட்காது. நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கில் ம்பொம்பெலா என்ற ஊரில், பழைய பெயர் நெல்ஸ்ப்ரூட். கடை, ஆஸ்பத்திரி, டிராஃபிக் எல்லாம் உள்ள நகரம். அங்கிருந்து காரில் ஏறி ஒரு மணி நேரம் போனால் குரூகர் தேசியப் பூங்காவின் கேட் வந்துவிடும். மிருகங்கள் அந்த வேலிக்கு உள்ளே, நாங்கள் வெளியே.

வேலை கிடைத்துப் போன புதிதில் எனக்கு அந்த ஊர் ஒட்டவே இல்லை. டர்பனில் தமிழர்கள் நிறைய, 1860இல் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் போய் இறங்கியவர்களின் வம்சம், கோயில் காவடி எல்லாம் உண்டு. ஆனால் டர்பன் எங்கள் ஊரிலிருந்து ஒரு நாள் பயணம். பக்கத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்களும் சிலதான். வார நாட்களில் பள்ளிக்கூடம், அறிவியல் பாடம், பரீட்சைத் தாள்; சனி ஞாயிறு வந்தால் வீட்டுக்குள் உட்கார்ந்து அம்மாவுக்கு போன் போட்டு அழுவேன். அப்போதுதான் என்னோடு வேலை பார்க்கும் ஒரு அம்மா, சோங்கா மொழி பேசுகிறவர், அவருடைய அப்பா பூங்காவிலேயே வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், எங்களைக் குரூகருக்கு அழைத்துப் போக ஆரம்பித்தார். வருஷத்துக்கு ஒரு கார்டு வாங்கிக்கொண்டால் எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே போகலாம், அதனால் செலவு பெரிதாக இல்லை.

அந்த அம்மாவோடு போவது டூரிஸ்ட்டுகள் போவது மாதிரி இருக்காது. சிங்கம் படுத்திருக்கிற இடத்தில் இருபது கார் நின்றாலும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். கொஞ்ச தூரம் போனதும் திரும்பி என்னைக் கேட்பார்: "இப்போது எந்தக் கல்லின் மேல் போகிறோம்?" நான் ஜன்னல் வழியாக மண்ணின் நிறத்தையும் மரத்தையும் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அந்த ஒரு கேள்வியால்தான் அந்த நாடு எனக்குப் புரிய ஆரம்பித்தது, இதை நான் மனசாரச் சொல்கிறேன்.

குரூகர் எவ்வளவு பெரிது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சுமார் 19,500 சதுர கிலோமீட்டர். நம்ம சேலம் மாவட்டத்தைப் போல மூன்றரை மடங்குக்கும் மேலே. தெற்கு முனையிலிருந்து வடக்கு முனை வரை ஏறக்குறைய 360 கிலோமீட்டர், சேலத்திலிருந்து சென்னை போகிற தூரத்தை விடவும் கூட. அகலம் சராசரியாக 65 கிலோமீட்டர்தான். 1898இல் சாபி காப்பிடம் என்று சின்ன அளவில் ஆரம்பித்து, 1926இல் தேசியப் பூங்கா ஆனது. 147 வகைப் பாலூட்டிகள், 500க்கும் மேல் பறவைகள், 336 வகை மரங்கள் என்று கணக்கு சொல்வார்கள். இவ்வளவு பெரிய இடத்தை "காடு" என்று ஒரே பெயரில் சொன்னால் அதைப் பற்றி ஒன்றுமே சொல்லாத மாதிரிதான்.

ஏனென்றால் பூங்காவை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தது போல மேற்கே கிரானைட், கிழக்கே பசால்ட் என்கிற எரிமலைப் பாறை. நடுவில் ஒரு ஒல்லியான களிக்கல் பட்டை, கிழக்கு ஓரத்தில் மொசாம்பிக் எல்லையை ஒட்டி லெபோம்போ மலை வரிசை. கிரானைட் மண் மணலாக, சத்து குறைவாக இருக்கும். பசால்ட் மண் கருப்பு, நம்ம பக்கம் கரிசல் என்று சொல்வோமே அந்த ஜாதி, களிமண், சத்து அதிகம். அங்கே முளைக்கிற புல்லை அவர்கள் இனிப்புப் புல் என்பார்கள், காய்ந்த பிறகும் அதில் சத்து நிற்கும். அதனால்தான் சதாரா முகாமைச் சுற்றியுள்ள கிழக்குச் சமவெளியில் வரிக்குதிரை, வில்டபீஸ்ட் என்கிற பெரிய மான் இனம், எருமை எல்லாம் கூட்டம் கூட்டமாக. இரை அங்கே இருப்பதால் சிங்கமும் அங்கே. சிங்கம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கருப்பு மண்ணைத் தேடிப் போனால் போதும்.

தென்மேற்கு மூலையில் ப்ரிட்டோரியஸ்கோப் பக்கம் நிலைமை வேறு. பூங்காவிலேயே மழை அதிகம் அங்கேதான், வருஷத்துக்கு 700 மில்லிமீட்டருக்கு மேல். பெரிய பெரிய கிரானைட் குன்றுகள், ஆள் உயரப் புல். ஆனால் அந்தப் புல் புளிப்பு ஜாதி, மழை ஓய்ந்ததும் நாராகிவிடும், மேய்கிற மிருகம் குறைவு. வடக்கே போகப் போக மழை குறையும், வடக்கு முனையில் இருக்கிற பஃபுரியில் சுமார் 450தான். மழை நிறைய, மிருகம் குறைவு. மழை கம்மி, மிருகம் ஜாஸ்தி என்று சில இடங்களில் தலைகீழாக இருப்பதை முதலில் என்னால் நம்ப முடியவில்லை. ஏற்காட்டில் பிறந்தவளுக்கு மழை என்றாலே செழிப்புதானே.

கிரானைட் நிலத்தில் இன்னொரு விஷயம் உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். அங்கே நிலம் அலை அலையாக ஏறி இறங்கும். ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் மணல், அதில் புஷ்வில்லோ மரங்கள். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, சரிவில் பாதி வழியில் களிமண் தட்டியதும் வெளியே கசியும். அந்தக் கசிவுக் கோட்டில் வெள்ளி நிற இலையோடு ஒரு மரம் வரிசையாக நிற்கும், அது நம்ம கடுக்காய் மரத்தின் இனம், டெர்மினேலியா. அதற்குக் கீழே உப்பு சேர்ந்த களிமண் திட்டு, மரம் குறைவு, புல் குட்டையாக, மொட்டையாக இருக்கும். பார்த்தால் பாழ் நிலம் என்று தோன்றும். ஆனால் உப்புக்கும் சத்துக்கும் மிருகங்கள் அங்கேதான் வந்து நிற்கும், மறைவு இல்லாததால் எதிரி வருவதும் தூரத்திலேயே தெரிந்துவிடும். இம்பாலா மான்கள் லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன பூங்காவில், பாதி நேரம் இந்த மாதிரித் திட்டுகளில்தான் பார்க்கலாம். அதற்கும் கீழே ஆற்றோரம், அத்தியும் கருங்காலி இனத்து ஜாக்கல்பெரியும் நிழல் கட்டி நிற்கும், சிறுத்தைக்கு ஏற்ற இடம். மேட்டிலிருந்து ஆறு வரைக்கும் நடந்தால் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது சில இடங்களில் (நடக்க விட மாட்டார்கள், காரை விட்டு இறங்கவே கூடாது). அதற்குள் நாலு விதமான வாழ்க்கை.

இதைப் படித்துவிட்டு இங்கே ஊருக்கு வந்தால் நம்ம மலையே வேறு மாதிரித் தெரிகிறது. குரும்பப்பட்டி அடிவாரத்தில் அரப்பும் முள்ளும், அப்புறம் கொண்டை ஊசி வளைவு ஏற ஏற மூங்கில், மேலே வந்தால் சில்வர் ஓக் நிழலில் காப்பியும் மிளகும். இருபது வளைவுக்குள் எத்தனை மாற்றம்! மலை முழுக்க சார்னகைட் பாறை, உச்சிகளில் பாக்சைட் மண். பள்ளிக்கூடம் படிக்கும்போது பஸ்ஸில் வாந்தி வராமல் கண்ணை மூடிக்கொண்டு போன பாதை இது. இப்போது என் பிள்ளைகளை ஜன்னலோரம் உட்கார வைத்து, எந்த வளைவில் மரம் மாறுகிறது என்று சொல்லச் சொல்கிறேன்.

வடக்குக் குரூகர் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், யாரும் அங்கே போவதில்லை என்பதால். ஒலிஃபன்ட்ஸ் ஆற்றைத் தாண்டியதும் கண்ணுக்கு எட்டிய மட்டும் மொபானி மரம்தான். இரண்டு இலை சேர்ந்து மந்தாரை இலை மாதிரி இருக்கும், உச்சி வெயிலில் இரண்டும் மடிந்துகொள்ளும், நிழலே விழாது. நம்ம புளிய மரத்துக்கு உறவு. யானைகள் இதைத் தின்று தின்று பல இடங்களில் மரத்தைப் புதராகவே வைத்திருக்கின்றன. தெற்கில் யானைக்குப் பிடித்தது மரூலா, அது மாம்பழக் குடும்பம். சேலத்துக்காரியாக எனக்கு அதில் ஒரு பெருமை.

தண்ணீர்க் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த லீவில் வீட்டில் பெரிய பேச்சே அதுதான். குரூகரில் 1930களில் ஆரம்பித்துப் பல பத்து வருஷங்களாக போர் போட்டு, தொட்டி கட்டி, சின்ன அணைகள் கட்டி, மிருகங்களுக்குத் தண்ணீர் வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். வறட்சியில் மிருகம் சாவதை யாரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியும்? வடக்கே மொபானிச் சமவெளியில் ரோன் என்று ஒரு பெரிய மான் இனம், எண்ணிக்கை எப்போதுமே குறைவு. தண்ணீர் குறைந்த, மற்ற மிருகம் அதிகம் வராத, உயரமான புல் நிற்கிற இடத்தில்தான் அது பிழைக்கும், குட்டியை அந்தப் புல்லில்தான் ஒளித்து வைக்கும். தொட்டிகள் வந்ததும் வரிக்குதிரை அந்தப் பக்கம் குடியேறியது, புல்லை மேய்ந்து குட்டையாக்கியது, வரிக்குதிரையைத் தேடிச் சிங்கமும் வந்தது. 1986இல் சுமார் 450 இருந்த ரோன் மான்கள் 1993இல் 45 ஆகிவிட்டன. அதன் பிறகுதான் அந்தத் தொட்டிகளை மூட ஆரம்பித்தார்கள். மூடினாலும் ரோன் பழையபடி பெருகவில்லை.

எங்கள் பெரியப்பாவுக்கு நாகலூர் பக்கம் காப்பித் தோட்டம். காட்டுமாடு அடிக்கடி உள்ளே வருகிறது, வேலி உடைகிறது, காலையில் பழம் பறிக்க வரும் பெண்கள் பயப்படுகிறார்கள். மேலே காட்டோரமாக ஒரு குட்டை வெட்டி விட்டால் தண்ணீருக்காகக் கீழே இறங்காது என்பது அவர் யோசனை. நான் ரோன் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்ப வாயில்லா ஜீவனுக்குத் தண்ணி வெக்கறது தப்புங்கறயா கண்ணு?"

"தப்புன்னு சொல்லலைங்க பெரியப்பா. குட்டை வெட்டுனா காட்டுமாடு மட்டுமா வரும்? பன்னியும் வரும்ல. அது வந்து அங்கயே தங்கிட்டா உங்க கிழங்கு என்னாகும்?"

பன்றி என்றதும் அவர் முகம் மாறியது. பறிப்பு முடியட்டும், அப்புறம் வனத்துறைக்காரர்களையே கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று இப்போதைக்கு விட்டிருக்கிறார்.

மாடு வளர்க்கிறவர் என்பதால் இன்னொரு விஷயத்தை அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். அங்கே ஆப்பிரிக்க எருமைகளின் உடம்பில் கோமாரி நோய்க் கிருமி இருக்கும், ஆனால் எருமைக்கு ஒன்றும் ஆகாது. அது ஊர் மாட்டுக்கு வந்துவிடக் கூடாது என்று 1960 வாக்கில் மேற்கு எல்லை முழுக்க வேலி போட்டார்கள். மாடு தப்பித்தது. ஆனால் காய்ந்த காலத்தில் தண்ணீருக்கும் புல்லுக்கும் மேற்கே போய்வந்துகொண்டிருந்த வில்டபீஸ்ட் கூட்டங்கள் வேலியில் முட்டி நின்றன, எண்ணிக்கை சரிந்தது. 1990களில் பக்கத்துத் தனியார் காப்பிடங்களோடு இருந்த வேலியில் ஒரு பகுதியை எடுத்தார்கள். இதற்கு நேர் எதிராக, ஊர் மாட்டிடமிருந்து காசநோய் தெற்கே முதலை ஆற்றைத் தாண்டி எருமைக்குப் போனது. 1990இல் கண்டுபிடித்தார்கள். எருமையைத் தின்ற சிங்கத்துக்கும் அது வந்தது. "மாட்டுக்கும் காட்டுக்கும் நடுவுல வேலி போட்டாலும் வம்பு, போடாட்டியும் வம்பு" என்றார் பெரியப்பா. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வேலியோரக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள், அவர்கள் வீட்டில் தினமும் இதே பேச்சுதான்.

காண்டாமிருகம் பற்றிப் பேசும்போது எனக்கு இன்னும் தொண்டை அடைக்கிறது. வேட்டையில் குரூகரில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் அழிந்துபோன வெள்ளைக் காண்டாமிருகத்தை 1961இலிருந்து உம்ஃபோலோசி என்ற இன்னொரு காப்பிடத்திலிருந்து கொண்டுவந்து விட்டு, பல ஆயிரமாகப் பெருக்கினார்கள். அகலமான வாய், புல் மேயும். கருப்புக் காண்டாமிருகத்துக்குக் கூர்மையான உதடு, தழை பறித்துத் தின்னும், அதை 1971இல் கொண்டுவந்தார்கள். அப்புறம் கொம்புக்காக மறுபடி கொலை. 2014இல் மட்டும் குரூகருக்குள் 827 காண்டாமிருகங்களைக் கொன்றார்கள். என் வகுப்புப் பிள்ளைகளில் சிலருடைய அப்பா ரேஞ்சர். ராத்திரி ரோந்துக்குப் போன அப்பா திரும்பி வரும் வரைக்கும் தூங்காமல் இருந்துவிட்டு வகுப்புக்கு வந்து மேஜையில் தலை சாய்க்கிற பிள்ளையை நான் எழுப்புவதில்லை.

சேலத்திலிருந்து யாராவது வருவதாக இருந்தால் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் வாருங்கள். அங்கே அது குளிரும் வறட்சியும் சேர்ந்த காலம், புல் தாழ்ந்திருக்கும், மிருகம் ஆற்றோரம் வரும். அதிகாலைக்கு நல்ல ஸ்வெட்டர் வேண்டும், ஏற்காட்டு மார்கழிக்குப் போடுவது போதும். தார் ரோட்டில் மணிக்கு 50க்கு மேல் போகக் கூடாது, மண் ரோட்டில் 40. எல்லா நாளையும் தெற்கிலேயே செலவழிக்காதீர்கள், இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். சதாராவில் இரண்டு ராத்திரி, பிறகு நேரே வடக்கே பஃபுரி வரை போங்கள். லிம்போபோவும் லுவுவுவும் சேருகிற இடம், பாவோபாப் மரங்கள், பச்சை மஞ்சளாகப் பட்டை மின்னுகிற ஃபீவர் மரக் காடு. அந்த நிலம் மகுலேக்கே மக்களுடையது. 1969இல் அரசாங்கம் அவர்களை அங்கிருந்து வெளியேற்றியது, 1998இல் நிலம் அவர்கள் பெயருக்கே திரும்பி வந்தது, காடாகவே வைத்துக்கொள்கிறோம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். அங்கே கைடு கிடைத்தால் அவர்களில் ஒருவரோடு போங்கள். மலேரியா உள்ள பகுதி, புறப்படும் முன்பே டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கிவிடுங்கள்.