மணியின் ரப்பர் பொம்மையும் பீநட் பட்டரும்

ஆடிச் சாரல் விடாமல் பெய்யும் நாள்களில் தக்கலையில் எங்கள் வீட்டு நாய் மணியை நடைக்கு அழைத்துச் செல்ல முடிவதில்லை. வீட்டில் அடைந்து கிடக்கும் அலுப்பில் அவன் செருப்புகளைக் குதறத் தொடங்கிய பிறகுதான், உள்ளே குடைவான ரப்பர் பொம்மை ஒன்றை வாங்கி, அதில் பீநட் பட்டர் தடவிக் கொடுக்க ஆரம்பித்தேன். சுற்றிலும் ரப்பர் தோட்டம் இருக்க, ரப்பர் பொம்மையைக் கடையில் காசு கொடுத்து வாங்கியதை அம்மா இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த அத்தான் ஒரு பீநட் பட்டர் புட்டியை நீட்டி, "சர்க்கரை சேர்க்காதது, மணிக்கும் கொடு" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொடி எழுத்துகளைப் படித்தபோது, சேர்மானங்களுக்கிடையே சைலிட்டால் இருந்தது. மனிதர்கள் சாதாரணமாக உண்ணும் இந்த இனிப்பு, நாயின் உடலில் இன்சுலினை மிகையாகச் சுரக்கச் செய்து, பல நேரங்களில் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். அளவு கூடினால் கல்லீரலும் பழுதாகும். இரத்தச் சர்க்கரை இறங்க, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 கிராமே போதும் என்பதால், 10 கிலோ எடையுள்ள மணிக்கு 1 கிராமே ஆபத்து. சில புட்டிகளில் இதே பொருள் 'பிர்ச் சுகர்' என்ற பெயரில் ஒளிந்திருக்கும். தவறி உண்டுவிட்டால், வாந்தியோ தள்ளாட்டமோ வரட்டும் என்று காத்திராமல், புட்டியையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும்.

இப்போது வறுத்த நிலக்கடலையைத் தோல் நீக்கி, உப்பும் இனிப்பும் சேர்க்காமல், எண்ணெய் கசியும் வரை நானே மிக்ஸியில் அரைத்துவிடுகிறேன். நம் ஊர் ஈரத்தில் கடலை எளிதில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சையின் அஃப்ளடாக்சின் நஞ்சு வறுத்தாலும் முழுமையாகப் போகாது என்பதால், நிறம் மாறியதையும் சுருங்கியதையும் பொறுக்கி எறிந்துவிடுவேன். ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 95 கலோரி இருப்பதாலும், மிகுந்த கொழுப்பு கணையத்தைப் பாதிக்கக்கூடும் என்பதாலும், அவனுக்கு ஒரு தேக்கரண்டிதான். பொம்மைக்குள் மசித்த மட்டி வாழைப்பழத்தையும் சோற்றையும் அடைத்து, பொம்மையின் வாயில் மட்டும் பீநட் பட்டரைப் பூசி உறையவைத்தால், அரை மணி நேரம் நக்கிக்கொண்டிருப்பான்.

பொம்மை வாய்க்குள் முழுதாகப் போகாத அளவிலும், நாக்கு உறிஞ்சலில் சிக்காதபடி இருபுறமும் துளையுள்ளதாகவும் இருக்க வேண்டும். தின்று முடித்ததும் புட்டி கழுவும் பிரஷால் வெந்நீரில் தேய்த்துவிடுவேன். ஒருநாள் மறந்ததற்கு, மறுநாள் காலையில் துளை முழுவதும் கட்டெறும்பு.