எத்தனை வீட்டில் விளக்கு எரியும்

"ராத்திரி இந்தத் தெருவில் எத்தனை வீட்டில் விளக்கு எரியும்?"

அந்த அம்மாள் கேட்டது இவ்வளவுதான். "ரொம்ப அமைதியாக இருக்கும்" என்றேன் நான். அவர் தலையாட்டினார், திறந்து பார்த்துக்கொண்டிருந்த அலமாரிக் கதவை மூடினார், கணவரைத் தேடி லனாய்ப் பக்கம் போய்விட்டார். கடலைப் பார்த்த தாழ்வாரத்துக்கு இங்கே லனாய் என்று பெயர்.

இது 2023 பிப்ரவரியில், ஹவாயில், வீடு விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட்டாக நான் ஒரு வீட்டைக் காட்டியபோது நடந்தது. வைமேயாவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கோஹாலா கடற்கரைக்கு இறங்க அரை மணி நேரம் பிடிக்கும். மேலே தூறலும் ஸ்வெட்டரும், கீழே வெயிலும் கறுப்புப் பாறையும். அந்த அரை மணி நேரத்தில், வாரத்துக்கு ஒருமுறையாவது, இந்தப் பேச்சை மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு பதில் சொல்கிறேன்.

தயாராகாமல் போயிருந்தால்கூட மனசு ஆறும். நான் தயாராகத்தான் போயிருந்தேன். அதற்கு மூன்று மாதம் முன்பு, 2022 நவம்பர் 27 ராத்திரி, மௌனா லோவா எரிமலை 38 வருஷம் கழித்து வெடித்திருந்தது. குழம்பு, தீவின் குறுக்கே போகும் நெடுஞ்சாலைக்கு மூன்று கிலோமீட்டருக்குள் வந்து நின்றது. அதிலிருந்து வீடு பார்க்க வருகிறவர்கள் வாசற்படி ஏறும்போதே எரிமலையைப் பற்றித்தான் கேட்பார்கள். அதற்கு என்னிடம் வரைபடம் இருந்தது. தீவை 9 அபாய மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். 1 என்றால் எரிமலை வாயிலேயே குடியிருக்கிறோம், 9 என்றால் கிட்டத்தட்டக் கவலையில்லை. எங்கள் பகுதி 3. 1859-இல் மௌனா லோவாக் குழம்பு இந்தக் கடற்கரைப் பக்கம்தான் கடலில் இறங்கியது என்பதையும் நானாகவே சொல்லிவிடுவேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? வீட்டைச் சுற்றிக் கிடப்பதே அந்த மாதிரிப் பாறைதானே.

கடல் மட்டத்துக்கும் காகிதம் இருந்தது. கடல் 3.2 அடி உயர்ந்தால் பாதிக்கப்படும் என்று அரசாங்கம் குறித்திருக்கும் பகுதிக்குள் வீடு இருந்தால், விற்பவர் அதை எழுதிக் கொடுக்க வேண்டும். 2022 மே முதல் தேதியிலிருந்து இது சட்டம். நிலம் சொந்தமா குத்தகையா என்பதற்கும் பதில் இருந்தது. ஹவாயில் வீடு உங்களுடையதாகவும் அடிமண் வேறொருவருடையதாகவும் இருக்கலாம். குத்தகைக் கெடு முடிந்தால் வீடும் கையை விட்டுப் போகலாம். இந்த வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. கோல்ஃப் மைதானத்தை ஒட்டி வீடு வாங்கினால் கோல்ஃப் இலவசம் என்று நம்பி வருகிறவர்களும் உண்டு. உறுப்பினர் கட்டணம் தனி என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். பந்து வந்து ஜன்னலை உடைத்தால், அடித்தவரைத் தேடிப் பிடிப்பது உங்கள் பாடு என்பதையும் சேர்த்து.

ஆக, எரிமலை, கடல், மண், பந்து எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. விளக்குக்கு மட்டும் இல்லை.

அவர் அந்தக் கேள்வியைக் கேட்ட இடத்தையும் சொல்ல வேண்டும். அந்த மாதிரி வீட்டுக்குள் நுழைகிற யாரும் நேராகக் கடல் பக்கம்தான் போவார்கள். வீட்டை அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். கதவைத் திறந்ததும் கால் தானாக அந்தப் பக்கம் போகும். அவருடைய கணவரும் போனார். லனாயைத் தாண்டி இறங்கி, புல்லைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். வருஷத்துக்குப் பத்து அங்குல மழைகூடப் பெய்யாத இடத்தில் இவ்வளவு பச்சையா என்று கேட்டார். உப்புத் தண்ணீரையும் தாங்கும் புல் வகை அது. அதைச் சொன்னதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, மினசோட்டாப் பனியில் நாற்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர், அந்தப் புல்லையே வாங்க வந்த மாதிரி நின்றார்.

அந்த அம்மாள் மட்டும் சமையலறையிலேயே நின்றுவிட்டார். அந்த ஜன்னல் தெருவைப் பார்த்தது. தெருப்பக்கத்தை நாங்கள் விளம்பரத்துக்குப் படமே எடுப்பதில்லை. எதிர்வீட்டு முற்றத்தில் நாற்காலிகளுக்கெல்லாம் உறை போட்டுக் கட்டியிருந்தது. அதற்கு அடுத்த வீட்டிலும் அப்படியே. அவர் அதைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார். அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும், நான் உள்ளதைச் சொல்வேனா என்று பார்க்கத்தான் கேட்டார் என்று சில நாள் தோன்றுகிறது. அப்படி நினைத்துக்கொண்டால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருக்கிறது.

நான் சொன்னது பொய்யா? இல்லை. அந்தக் குடியிருப்பில் குறுகிய கால வாடகைக்கு விடக்கூடாது என்று சங்கத்து விதி. டூரிஸ்ட் கூட்டம் வராது, நீச்சல்குளத்தில் கூச்சல் இருக்காது. அதைத்தான் எங்கள் லிஸ்டிங்கில் பெரிய சிறப்பாக எழுதியிருந்தோம். பக்கத்து ரிசார்ட்டில் வாடகைக்கு விடலாம், அங்கே எந்நேரமும் விளக்கு எரியும், குழந்தைகள் ஓடும், பால்கனியில் ஈரத் துண்டு தொங்கும். விலையும் குறைவு.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த வேலைக்கு லைசென்ஸ் வாங்க 60 மணி நேரம் வகுப்பில் உட்கார வேண்டும். அங்கே திரும்பத் திரும்ப மண்டையில் ஏற்றுவது, பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று வாயே திறக்காதே என்பதைத்தான். இனம், மதம், குடும்பம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி ஒருவரை ஒரு தெருவுக்குத் தள்ளுவதோ இன்னொரு தெருவிலிருந்து விலக்குவதோ 1968-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். எங்கள் ப்ரோக்கர் இன்னும் சுருக்கிச் சொல்வார்: "வீட்டைப் பற்றிப் பேசு, அக்கம்பக்கத்தைப் பற்றிப் பேசாதே." அன்றைக்கு என் வாயில் வந்த பதில் அந்தப் பழக்கத்தில் வந்தது என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அதே வகுப்பில் இந்த மாதிரிக் கேள்விக்குப் பதிலும் சொல்லிக் கொடுத்தார்கள். "வேறு வேறு நேரத்தில் நீங்களே வந்து பாருங்கள்." எந்தச் சட்டமும் இதைத் தடுக்காது. ராத்திரி எட்டு மணிக்கு ஒருமுறை வாருங்கள், கேட்டில் சொல்லி வைக்கிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரு ஃபோன் போதும். ஏன் சொல்லவில்லை என்றால், எட்டு மணிக்கு அந்தத் தெரு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவர்களுக்குத் தனி ஏஜென்ட் இருந்தார், நான் விற்பவர் பக்கம். இதையும் சொல்லிக்கொள்வேன்.

வீடு முடிந்தது. 18 லட்சம் டாலர். கமிஷன் வந்த மாதம் எங்கள் பழைய டொயோட்டாவுக்கு நாலு டயரும் மாற்றினோம். மலை ஏறி இறங்கும் வண்டி, டயர் வழுவழு என்று ஆகியிருந்தது. அதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதாமல் விட்டால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது.

என் கணவரிடம் அப்போதே சொன்னேன். அவர் மௌனா கேயா மலைமேல் இருக்கும் தொலைநோக்கி ஒன்றின் வைமேயா அலுவலகத்தில் வேலை செய்கிறார். "இருட்டா இருக்கிறது நல்லதுதானே?" என்றார் நிஜமாகவே புரியாமல். அவர் தொழில் அப்படி. தெருவிளக்கு வெளிச்சம் மேலே போகாமல் மூடி போட வேண்டும் என்று இந்தத் தீவில் விதியே இருக்கிறது, 4,200 மீட்டர் உயரத்தில் நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்காக. எங்கள் வீட்டில் இருட்டு என்பது நல்ல வார்த்தை. "அவங்க கேட்டது தெருவிளக்கை இல்லங்க" என்றேன். "பின்னே?" என்றார். நான் சாம்பாரைக் கிளறப் போய்விட்டேன்.

2024 ஏப்ரலில் அந்த அம்மாள் ஆபீசுக்கு வந்தார். வீட்டை விற்க வேண்டுமாம். தங்கள் பக்கம் இருந்த ஏஜென்ட்டிடம் போகாமல் என்னைக் கேட்டு வந்திருந்தார். நான் காபி கொடுத்தேன். ஏதாவது குறையா, கூரை ஒழுகுகிறதா, சங்கத்தில் தகராறா என்று வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். எதுவும் இல்லை.

"நீங்கள் பொய் சொல்லவில்லை" என்றார் சிரித்துக்கொண்டே. "அமைதியாகத்தான் இருந்தது."

குத்திக் காட்டுகிற சிரிப்பு இல்லை அது. இருந்திருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

அப்புறம் அவராகவே பேசினார். குளிர்காலத்தில் நாலைந்து குடும்பம் வருமாம், கணவருக்கு விளையாட ஆள் கிடைக்குமாம். ஏப்ரல் வந்தால் எல்லோரும் உறையைப் போட்டுக் கட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். விடிவதற்கு முன் புல்வெட்டும் வண்டிச் சத்தம், ராத்திரி தெளிப்பான் சீறும் சத்தம், நடுவில் காற்று. செவ்வாய்க்கிழமை காலையில் தோட்ட வேலைக்கு ஆட்கள் வருவார்கள். "செவ்வாய்க்கிழமை மட்டும் நான் நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொள்வேன்" என்றார். அதில் ஒரு பையன் ஹிலோவிலிருந்து மலை தாண்டி ஒன்றேகால் மணி நேரம் வண்டி ஓட்டி வருகிறவன். அவரை ஆன்ட்டி என்று கூப்பிடுவானாம். இந்தத் தீவில் பெரியவர்கள் எல்லோரும் ஆன்ட்டி, அங்கிள்தான், நம்மூர் மாதிரியே. மினசோட்டாவில் தன்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்றார்.

இன்னொரு விஷயமும் சொன்னார், அது எனக்கு இன்னும் உறைத்தது. வீட்டைக் காட்டிய அன்று, ஒரு குறையைச் சொல்கிற தொனியில் நான் ஒன்று சொல்லியிருந்தேன்: ஹவாயில் கடற்கரை எல்லாம் பொது, ரிசார்ட்டுக்குள்ளேயே பொதுமக்களுக்கு வழியும் வண்டி நிறுத்த இடமும் விட வேண்டும், சனி ஞாயிறுகளில் வெளியாட்கள் வருவார்கள், கொஞ்சம் புகையும் பாட்டும் இருக்கும். அவர் வாரம் தவறாமல் அங்கே போயிருக்கிறார். கியாவே மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாராம். கியாவே நம் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி முறை. அந்த முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். மூன்று தடவை குத்தியதாம். மீன் சுட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பம் கூப்பிட்டு ஒரு தட்டில் வைத்துக் கொடுத்ததாம். "இந்தத் தீவில் நீங்கள் எச்சரித்த ஒரே இடத்தில்தான் எனக்கு மனிதர்கள் கிடைத்தார்கள்" என்றார்.

அவர் போன பிறகு ஒரு வேலை செய்தேன். இந்தக் கவுன்டியில் சொந்த வீட்டிலேயே குடியிருப்பவர்களுக்குச் சொத்துவரி விகிதம் குறைவு. சும்மா பூட்டி வைத்திருப்பவர்களுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எந்த வீடு எந்த வகை என்பது பொதுப் பதிவு, யார் வேண்டுமானாலும் கணினியில் பார்க்கலாம். அந்தத் தெருவில் 22 வீடு. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். குடியிருப்பவர் என்று பதிவானவை மூன்று. அதில் ஒன்று அவர்களுடையது.

பத்து நிமிட வேலை. அவர் கேட்ட கேள்விக்கு எண்ணிக்கையோடு பதில் இருந்திருக்கிறது, அதுவும் அரசாங்கமே வைத்திருந்த பதில். அன்றைக்கு அதை நான் சொல்லியிருந்தாலும் அவர்கள் வாங்கியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அவர் கணவர் புல்லைத் தொட்டபோதே வீடு முடிந்துவிட்டது. அந்தக் கேள்வி எனக்கானதுகூட இல்லையோ, பக்கத்து அறையில் இருந்தவர் காதில் விழட்டும் என்று கேட்டதோ என்றும் தோன்றும். அப்படியென்றால் என் பதில்தான் அதை அவர் காதுக்குப் போகவிடாமல் தடுத்தது. இந்த இடத்துக்கு வந்ததும் வண்டியில் ரேடியோவைப் போட்டுவிடுவேன்.

இப்போதெல்லாம் நான் எல்லோரிடமும் ராத்திரி வந்து பாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு தோழியிடம் அப்படித்தான் சொன்னேன். உண்மையில் இதுவரை இரண்டு பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். ஒருவர் வரவில்லை. இன்னொருவர் வந்தார், இருட்டைப் பார்த்து அப்படியே மயங்கிப்போனார், பால்வீதி தெரிகிறது என்று அங்கிருந்தே ஃபோன் செய்தார்.

அந்த அம்மாளின் வீட்டுக்குப் படம் எடுக்கும் நாள் வந்தது. இந்த விலை வீடுகளுக்கு அந்திப் படம் ஒன்று கட்டாயம். சூரியன் இறங்கி வானம் நீலமாக இருக்கிற அந்தப் பதினைந்து நிமிடத்தில், வீட்டில் இருக்கிற அத்தனை விளக்கையும் போட்டு, கதவு, திரை எல்லாவற்றையும் திறந்துவைத்து எடுப்பது. குளியலறை, அலமாரிக்குள் இருக்கும் சின்ன பல்பு, அடுப்புக்கு மேலே இருப்பது வரைக்கும். அன்றைக்கு நானும் அவருமாக அறை அறையாகப் போய்ப் போட்டோம். அவர் மாடியில், நான் கீழே. "இங்கே இவ்வளவு விளக்கு இருப்பதே எனக்குத் தெரியாது" என்று மேலிருந்து குரல் கொடுத்தார்.

படமெடுக்கும் பையன் புல்வெளியில் முக்காலியை நட்டுவிட்டுத் திரையைப் பார்த்தான். முகத்தைச் சுளித்தான். என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். வீடு நடுவில் தகதக என்று இருந்தது. இரண்டு பக்கமும் கன்னங்கரேல் என்று பக்கத்து வீடுகள்.

"அந்த ஜன்னல்களிலும் அப்புறம் கணினியில் வெளிச்சம் போட்டுவிடட்டுமா? இரண்டு நிமிட வேலை" என்றான்.

"வேண்டாம்" என்றேன் உடனே. அது பொய். அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அவன் தோளைக் குலுக்கிவிட்டு நான் சொல்வதற்காகக் காத்திருந்தான். வானம் கறுத்துக்கொண்டே வந்தது. மாடி ஜன்னலில் அந்த அம்மாள் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் இடது பக்கம் தள்ளி எடு" என்றேன். "அங்கிருந்து பார்த்தால் கடல் மட்டும்தான் தெரியும்."