கடப்பாக்கல், ரசமட்டம், புது ஊசி

போன ஆடி மாசம் கும்பகோணத்துல பெரியப்பா வீட்டை இடிச்சுக் கட்டணும்னு பரண்ல கிடந்ததையெல்லாம் இறக்குனப்ப ஒரு டிரங்குப் பெட்டி நிறைய ரெக்கார்டு வந்துச்சு. எல்பி (நிமிஷத்துக்கு 33 1/3 சுத்து ஓடற பெரிய ரெக்கார்டு) மட்டும் 42, 45 சுத்து ஓடற சின்னது கொஞ்சம், அடியில பழைய வேட்டில சுத்தி வச்ச 78 சுத்து ரெக்கார்டு ஒரு பதினொண்ணு. "நீயே எடுத்துட்டுப் போடா, அவருக்கு அப்புறம் இங்க யாரு இதெல்லாம் கேக்குறா"ன்னு பெரியம்மா சொல்லிட்டாங்க. அதுல ஒரு நாகஸ்வர எல்பி, சின்ன வயசுல லீவுக்குப் போறப்பல்லாம் காலைல அதுதான் ஓடும், அதை மறுபடி கேக்கணும்ங்கறதுக்காகத்தான் இந்த வேலை முழுக்க.

புது ரெக்கார்டு பிளேயர் வாங்க பட்ஜெட் இல்ல. சென்னைல பழைய ஆடியோ சாமான் விக்கிற ஒருத்தர்கிட்ட ஜப்பான்லேர்ந்து வந்த பழைய பெல்ட் டிரைவ் (மோட்டார் பெல்ட்டால சுத்தற) பிளேயர் ஒண்ணு 6,500 ரூபாய்க்குக் கிடைச்சுது. வாங்கறதுக்கு முன்னாடி நான் பாத்தது மூணே விஷயம். டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்கற கை) பேரிங்ல லூசு இருக்கான்னு மெதுவா ஆட்டிப் பாத்தேன், அதோட முனைல இருக்கற ஹெட்ஷெல் திருகிக் கழட்டற மாதிரி இருக்கான்னு பாத்தேன் (அப்பதான் ஊசி இருக்கற கார்ட்ரிட்ஜ் எது வேணா மாட்டலாம்), அப்புறம் பின்னாடி ஒட்டியிருக்கற லேபிள். இந்த லேபிளை யாரும் பாக்கறதில்ல, ஆனா நம்ம ஊர்ல இதுதான் முக்கியம். ஜப்பான் செட்டுன்னா 100 வோல்ட், நம்ம 230ல நேரா சொருகினா கதை முடிஞ்சுது. அது டிரான்ஸ்ஃபார்மர் வச்சா சரியாயிடும், ஆனா மோட்டார் ஏசி சிங்க்ரனஸா இருந்து புல்லி (பெல்ட்டை இழுக்கற சின்ன சக்கரம்) 60 ஹெர்ட்ஸுக்குச் செஞ்சதா இருந்தா டிரான்ஸ்ஃபார்மரும் காப்பாத்தாது, ஏன்னா அந்த மோட்டார் வேகத்தை கரண்டோட ஹெர்ட்ஸ்தான் தீர்மானிக்குது, நம்ம 50ல ஓட்டினா நிமிஷத்துக்கு 33 1/3 சுத்தவேண்டியது 27.8தான் சுத்தும், பாட்டு இழுத்துக்கிட்டே போகும். என்னோடதுல 50/60ன்னு போட்டிருந்துச்சு, உள்ள டிசி மோட்டார், பிரச்சனை இல்ல. ரிச்சி ஸ்ட்ரீட்ல 100 வோல்ட்டுக்கு ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் 900 ரூபாய்க்கு சுத்திக் குடுத்தாங்க.

வீட்டுக்கு வந்து ரெக்கார்டு வைக்கற பிளாட்டரைத் தூக்கினா பெல்ட்டே இல்ல, அது இருந்த இடத்துல தார் மாதிரி கருப்பா ஒட்டிக்கிட்டு இருக்கு. பழைய ரப்பர் அப்படித்தான் உருகிடும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் பஞ்சுல நனைச்சு முக்கா மணி நேரம் தேச்சேன், புல்லியையும் சேத்து. புல்லில கடுகளவு கறை இருந்தாக்கூட ஒவ்வொரு சுத்துக்கும் சுருதி ஆடும். புது பெல்ட் 400 ரூபா, எண்ணெய்க் கையால தொடாம மாட்டணும். நடு பேரிங்க்ல பழைய எண்ணெயைத் தொடைச்சுட்டு தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு. தேங்கா எண்ணெய் மட்டும் போடவே போடாதீங்க, மார்கழில உறையும், அப்புறம் பிசுபிசுன்னு ஆயிடும்.

வேகம் பாக்க காகிதத்துல ஸ்ட்ரோப் டிஸ்க் (மினுக்கற வெளிச்சத்துல கோடு நின்ன மாதிரி தெரிஞ்சா வேகம் சரி) பிரிண்ட் எடுத்துக்கிட்டேன், 50 ஹெர்ட்ஸுக்கு 180 கோடு போட்டது, அமெரிக்கா ஆளுங்களோடது 216 கோடு, அதை எடுத்துடாதீங்க. எல்இடி வெளிச்சத்துல பாத்தா ஒண்ணுமே தெரியல. பின்கட்டுல பழைய சோக் வச்ச டியூப் லைட் ஒண்ணு இருக்கு, அது செகண்டுக்கு 100 தரம் மினுக்கும், அதுக்கடியில கொண்டு போனதும் கோடெல்லாம் மெல்ல பின்பக்கமா நகருது, அப்படின்னா மெதுவா சுத்துது. மோட்டாருக்கு அடியில இருந்த சின்ன ஓட்டைல ஸ்க்ரூடிரைவரை விட்டு மயிரிழை திருப்பினதும் கோடு அப்படியே நின்னுடுச்சு. அந்த நிமிஷம் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

காசு போட்டது கார்ட்ரிட்ஜுக்குத்தான். ஆடியோ டெக்னிகா விஎம்95இ, எனக்கு 5,200 ஆச்சு. செட்டு விலைக்கு கிட்டத்தட்ட சமமா ஊசிக்கான்னு வீட்ல கேட்டாங்க. ஆனா ரெக்கார்டைத் தொடறது அந்த ஊசி ஒண்ணுதானே, பழசுல இருந்த ஊசி எத்தனை ஆயிரம் மணி நேரம் ஓடிச்சோ, முனை மழுங்கி உளி மாதிரி ஆகியிருந்தா திரும்பக் கிடைக்காத ரெக்கார்டைச் செதுக்கிடும். மத்த எதுல வேணா காசு மிச்சம் பண்ணுங்க, ஊசில பண்ணாதீங்க. அப்புறம் ஃபோனோ பிரீஆம்ப் 2,900. இது இல்லாம ஆம்ப்ளிஃபையர் ஆக்ஸ்ல சொருகினா கொசு பாடற மாதிரி கேக்கும், ஏன்னா இந்த மாதிரி கார்ட்ரிட்ஜ்லேர்ந்து வர்றதே சில மில்லிவோல்ட், அதோட ரெக்கார்டு வெட்டும்போதே பேஸைக் குறைச்சு டிரெபிளை ஏத்தித்தான் வெட்டுவாங்க, அதைத் திருப்பிச் சமன் பண்றது பிரீஆம்ப் வேலை. எர்த் வயரை அதுல முடுக்கினதும் உம்ம்னு வந்த இரைச்சலும் போயிடுச்சு.

எல்லாம் மாட்டி நாகஸ்வர எல்பியைப் போட்டேன். முதல் பத்து நிமிஷம் தொண்டை அடைச்சுது, பெரியப்பா வீட்டுக் கூடத்துல உக்காந்த மாதிரியே. ஆனா போகப் போக மேல் ஸ்தாயிக்குப் போறப்பல்லாம் சத்தம் கிழியுது, கடைசி உருப்படில காது வைக்க முடியல. ரெக்கார்டு தேஞ்சுபோச்சு, பெரியப்பாவோட பழைய பிளேயர் கனமா அழுத்தியே தேச்சிருக்கும்னு நினைச்சு ரெண்டு நாள் மனசே சரியில்ல.

தப்பு என் மேல. டோன்ஆர்மை மிதக்கவிட்டு பேலன்ஸ் பண்றப்ப ஊசியோட பிளாஸ்டிக் மூடியைக் கழட்ட மறந்திருக்கேன். மூடியோட எடையும் சேர்ந்துடுச்சு, அதனால ஊசி ரெக்கார்டை அழுத்தற எடைன்னு டயல்ல 2 கிராம் வச்சது நிஜத்துல 1.5தான் இருந்திருக்கு. 650 ரூபாய்க்கு டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்கி வச்சுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. இந்த ஊசிக்கு 1.8லேர்ந்து 2.2 வேணும். லேசா வச்சா ரெக்கார்டுக்கு நல்லதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது நேர் எதிர், எடை பத்தலன்னா ஊசி பள்ளத்துல நிக்காம குதிச்சுக் குதிச்சு சுவரை அடிக்கும்.

எடையைச் சரி பண்ணினதும் பாதி போச்சு, கடைசி உருப்படி மட்டும் இன்னும் கொஞ்சம் பிசிறடிச்சுது. வெளி ஓரத்துல ஊசிக்கடியில செகண்டுக்கு 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும், கடைசி உருப்படி இருக்கற உள்பக்கம் வர வர அது 20 கிட்ட சுருங்கிடும், அதே நாதத்தை அவ்வளவு சின்ன இடத்துல நெருக்கி எழுதியிருக்கு, அங்க ஊசி துளி கோணலா இருந்தாலும் காட்டிக் குடுத்துடும். அதோட ரெக்கார்டை வெட்டற ஊசி நேர்கோட்டுல போகும், நம்ம ஆர்ம் வளைஞ்சு போகும், ரெண்டும் சரியா ஒத்துப்போறது ரெண்டே இடத்துலதான், பேர்வால்டுங்கறவர் கணக்குல நடுப்புள்ளிலேர்ந்து 66 மில்லிமீட்டர்லயும் 120.9லயும். அந்த ரெண்டு இடத்துலயும் கோணம் பாக்கற புரொட்ராக்டர் காகிதத்தை சும்மா பிரிண்ட் எடுக்கலாம், ஆனா பிரிண்ட் கடைல "அண்ணே, சைஸ் மாத்தாம நூறு பர்சன்ட்லயே போடுங்க"ன்னு சொல்லி ஸ்கேலால அளந்து பாத்துக்குங்க. கார்ட்ரிட்ஜை ஒன்றரை மில்லிமீட்டர் முன்னாடி தள்ளி, லேசா திருப்பி, ரெண்டு இடத்துலயும் கோட்டோட சேர வைக்க ஒரு ராத்திரி போச்சு.

கடைசியா, ஸ்பீக்கர் அதிர்வு படாம இருக்க, செட்டை ஸ்பீக்கர் இருக்கற பலகைலேர்ந்து எடுத்து தனி ஸ்டூல்ல, மிச்சம் கிடந்த கடப்பாக்கல் துண்டு மேல வச்சேன். கொத்தனார்கிட்ட ரசமட்டம் கடன் வாங்கி ரெண்டு பக்கமும் மட்டம் பாத்தேன், ஒரு காலுக்கடியில விசிட்டிங் கார்டு ஒண்ணு மடிச்சு வச்சதும் குமிழி நடுவுல வந்துடுச்சு.

அப்புறம் போட்டா கடைசி உருப்படி கிழியவே இல்ல. தவில் தனியா, தாளம் தனியா கேக்குது. ரெக்கார்டு நல்லாத்தான் இருந்திருக்கு. மொத்தம் 16,550 ரூபா. பெரியம்மாவுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கர் பக்கத்துல புடிச்சேன், "இதுக்கப்புறம் திருப்பிப் போடணும்டா, அந்தப் பக்கம்தான் அவருக்குப் பிடிக்கும்"னாங்க.

78 பதினொண்ணும் இன்னும் வேட்டியோடதான் இருக்கு. எல்பி ஊசியை அதுல வைக்கக்கூடாது, அந்தப் பள்ளம் ரொம்ப அகலம், அது அரக்கு ரெக்கார்டுங்கறதால ஆல்கஹாலும் படக்கூடாது. இதே விஎம்95க்கு 78க்குன்னே தனி ஊசி வருது, கார்ட்ரிட்ஜை மாத்தாம சொருகிடலாம். என் செட்டுல 78 வேகம் கிடையாது, அதனால 45ல ஓட்டி கம்ப்யூட்டர்ல பதிஞ்சு வேகத்தை ஏத்திக்கணும். தை மாசம் அந்த ஊசி வாங்கிடலாம்னு இருக்கேன்.